தெரு முனையில் கேட்ட அழுகை

மூலக்குளத்தில் வசிக்கும் அரிகரன், வயது 31, தொழில் மின்னணு இசையமைப்பு, ஆகிய நான் விசாரணையில் கூறுவதாவது:

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, நீண்ட யோசனைக்குப் பிறகு, என் ஸ்பீக்கர் பெட்டியை மேற்கிலிருந்து கிழக்கு முகமாகத் திருப்பி வைப்பது என்று தீர்மானித்தேன். மேற்குச் சுவரில் மோதி ஒலி இரட்டித்ததே காரணம். கிழக்கில் வாசல் இருந்தது. வாசலுக்கு வெளியே தெரு இருந்தது.

ஒருவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பழக்கி, அவர் பாடாததையும் அதே குரலில் பாட வைப்பது என் இசை. இதற்காக ஒதியம்பட்டில் ஒரு தெருவின் முனையில் மூடிக் கிடந்த அரிசி ஆலையை வாடகைக்கு எடுத்திருந்தேன்; மேற்படி ஸ்பீக்கர் இருந்தது அங்கேதான். அதே தெருவில் வசித்த ராஜ்மோகன் மனைவி மஞ்சுளா ஒருநாள் எட்டிப் பார்த்து, "இன்னா சார், பேய் ஓட்டறீங்களா?" என்று கேட்டார். அழுகைக் குரல் ஒன்று தேவை என்றேன். "அப்ப எங்க அண்ணியப் புடிங்க. அது அழுதா பொணமே எழுந்து உக்காரும். அவங்க வூட்டோட எனக்குப் பேச்சு இல்ல, எம் பேரச் சொல்லிடாதீங்க" என்றார்.

அதன் பிறகு மண்ணாடிப்பட்டு சென்று, மஞ்சுளாவின் அண்ணன் பலராமனின் மனைவி தையலம்மாளைச் சந்தித்தேன். "ஆளு சாவாம எப்படிப்பா அழறது?" என்றவர், பிறகு இறந்துபோன தம் மாமியாரை நினைத்து அழுதார். போதும் என்று சொல்லியும் அவர் நிறுத்தவில்லை. அதையும் பதிவு செய்துகொண்டேன். அதன் பிறகு உறவுமுறைச் சொற்களைத் தட்டச்சு செய்து கொடுத்ததில், கணினி அவர் குரலில் புதிய ஒப்பாரி பாடியது. 'நாத்தனாரே' என்பதில் நெடில்கள் அதிகம் என்பதால் அதைப் பலமுறை வைத்தேன்.

மேற்படி ஞாயிறன்று தெருவில் சாவு மேளம் கேட்டது. யார் என்று விசாரிக்கவில்லை. தாளம் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த அந்த ஒப்பாரியோடு பொருந்தியதால் ஒலியைக் கூட்டினேன். அதன் பிறகு கேட்பவர்களைப் பார்க்க வெளியே வந்தேன். ஐஸ் பெட்டியில் இருந்தது மஞ்சுளா.

பிறந்த வீட்டார் வந்து கோடிப் புடவை போர்த்தாமல் பெண்ணின் உடலை எடுப்பதில்லை. "நான் வராம எந் தங்கச்சியத் தூக்காதீங்க" என்று பலராமன் போனில் சொல்லியிருந்ததால் காத்திருந்தார்களாம். "அதோ, தையலு கொரலு" என்றார் ஒரு பெண். வீட்டுப் பெண்கள் எதிர்கொண்டு கட்டி அழ வாசலுக்கு வந்து கை நீட்டி நின்றார்கள். யாரும் வரவில்லை. சற்றுப் பொறுத்து ராஜ்மோகனின் பெரியப்பா, "முனையோட அழுதுட்டுத் திரும்பிட்டாங்கடா. அவ்ளோ வீம்பு. வந்தது வந்ததுதான், தூக்குங்க" என்றார். "கோடி?" என்று ராஜ்மோகன் கேட்டார். "அவ ஊருலேர்ந்து இங்க வாக்கப்பட்ட பொம்பள ஒண்ணு போர்த்தட்டும்" என்றார் பெரியப்பா.

அது ஆலையிலிருந்து வரும் ஒலி என்று நான் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் இசையை அத்தனை பேர் ஒன்றாக நம்பி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உடல் போன பிறகு டவுன் பஸ்ஸிலிருந்து பலராமனும் தையலம்மாளும் புடவைப் பையுடன் இறங்கினார்கள். பலராமன் சுடுகாட்டுக்கு ஓடினார். கொள்ளி வைத்தாகிவிட்டது. தையலம்மாள் ஆலை வாசலில் நின்று, இன்னும் ஓடிக்கொண்டிருந்த தம் குரலைக் கேட்டார்.

"நான் அப்ப பஸ்ஸுல இருந்தேன்" என்றார்.

"கொரலு உன்னுதுதானே?" என்றார் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்த பெரியப்பா.

"கொரலு என்னுதுதான்."

நான் குறுக்கிட்டு, கணினி அழுதது என்று விளக்கினேன். "கம்ப்யூட்டரு இன்னாத்துக்குடா நாத்தனாருன்னு அழும்?" என்று பெரியப்பா கேட்டார். பெண்கள் தையலம்மாளைக் கட்டிக்கொள்ள வந்தபோது, "உடுங்கடி, அதான் அழுதாச்சே" என்றார். அவர் அழவில்லை.

தங்கையின் வாசல்வரை வந்து திரும்பிப் போனவன் என்று தெருவே தன்னைச் சொல்கிறது, அந்தக் குரல் செய்ததைத் தன் மனைவி செய்யவில்லை என்று எழுத்தில் வேண்டும் என்பதே பலராமனின் புகார் என்று அறிகிறேன். அதற்காகவே இதைக் கூறினேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நடந்தது இதுவே.

(ஒப்பம்) அரிகரன்

மீண்டும் கேட்டதன் பேரில் கூறுவது: மஞ்சுளாவின் கருமகாரியம் வரும் வெள்ளிக்கிழமை. ராஜ்மோகன் வீட்டார் பலராமன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பவில்லை.