ஹேடோ துறையில் நான் அழித்த நாற்பத்து மூன்று எண்கள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணிகப் பெருந்தகை நூருல்லா பாய் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோரே! மடியில் மழலையையும் மனத்தில் பொறுமையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மாரே! கப்பலில் வந்து கரையேறி, திரும்பிப் போக டிக்கெட் கிடைக்காததால் தமிழ் வளர்க்கும் என் ஹேடோ உறவுகளே! தலை தாழ்ந்த வணக்கம். தலை ஏன் தாழ்ந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

'வெப்பத்தை வென்ற வித்தகர் திருநாவுக்கரசு' என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறீர்கள். வென்றது உண்மை. எங்கே வென்றேன்? ஏசி அறையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வென்றேன்!

சிரியுங்கள் அம்மா, தாராளமாகச் சிரியுங்கள். என் மனைவி பத்து வருஷமாகச் சிரிக்கிறாள்.

வெப்பமண்டலத்தில் இடத்துக்கு இடம் சூடு எப்படி மாறுகிறது என்று புள்ளிவிவரக் கணக்குப் போடுவது என் உத்தியோகம். நம் தீவில் மின்னி பே, கராச்சர்மா, ஹேடோ மூன்று இடங்களிலும் நிழலில் வெப்பமானிப் பெட்டி வைத்து, தினமும் நண்பகலில் அளக்கச் சொன்னேன். ஹேடோவில் மட்டும் நாற்பத்து மூன்று நாள் அளவு நாலு டிகிரி எகிறியது. அத்தனையும் மெயின்லாண்ட் கப்பல் வந்த நாள்கள்! ஆராய்ந்தேனா? இல்லை. அளந்த அழகையாவிடம் கேட்டேனா? இல்லை. அளந்தவர் தப்பு என்று அழித்தேன்! வரைபடம் வழவழவென்று வந்தது. எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் சரக்கு இறக்கும் தொழிலாளர்கள், கப்பல் நாளில் நண்பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வு கேட்டிருந்தார்கள். 'ஹேடோவில் அப்படியொன்றும் சூடில்லை' என்று என் அறிக்கையைக் காட்டித் துறைமுக அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். அடுத்த கப்பலுக்கு, அதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் அங்கம்மா, மூட்டையோடு மயங்கி விழுந்தார்.

ஓடினேன் அழகையாவிடம். "ஏனய்யா, கப்பல் வந்தால் மட்டும் ஏன் இப்படி எழுதினீர்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாப், ஷிப் வந்தா ஆளுங்க பூரா வார்ஃப்ல கிடக்குறாங்க. நிழல்ல ஒருத்தன் கிடையாது. ஆளில்லாத பெட்டியில யாருக்கு சூடு பாக்குறது? மீட்டரை எடுத்துட்டு அங்கேயே போயிட்டேன். ஓரத்துல எழுதியும் வச்சேனே, படிக்கலியா?"

படிக்கவில்லை, பெரியோரே! எண்ணைப் படித்தேன், எழுத்தைப் படிக்கவில்லை! நாவுக்கு அரசன் என்று பெயர் வைத்த பெற்றோர் அன்று என்னைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஓரக் குறிப்பை அவர் எதிரிலேயே எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெட்கமாக இருந்தது, இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நாற்பத்து மூன்றையும் 'வேலை நடக்கும் இடத்துச் சூடு' என்று தனியாக எழுதி, என் பிழையையும் எழுதிக் கொடுத்தேன். இன்று காலை உத்தரவு வந்துவிட்டது.

என்னம்மா கேட்கிறீர்கள்? "நாளைக்கு ஷிப் இருக்கே சார், ரெஸ்ட் பக்காவா?"

பக்கா, அங்கம்மா, பக்கா! பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை எவர் தோளிலும் மூட்டை ஏறாது. அந்த இரண்டு மணி நேரமும் வார்ஃபில் வெப்பமானியோடு நான் நிற்பேன், ஸ்வெட்டர் இல்லாமல். நான் மயங்கி விழுந்தால், தயவுசெய்து அந்த அளவை மட்டும் யாரும் அழித்துவிடாதீர்கள்.

அழைத்த அன்புக்கும், அடிக்காமல் கேட்ட பெருந்தன்மைக்கும் நன்றி. வணக்கம்!