இடது தோள், ஆறு மில்லிமீற்றர்

துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்து, காயவைத்து, ஸ்திரிக்கைப்பெட்டியால் மினுக்கிவிட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. பிறகு உடுப்பு சுருங்கிவிட்டது என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். நான் எப்போதும் செய்வேன். எந்த வேலையையும் முதலிலிருந்து ஒழுங்கு மாறாமல் செய்தால்தான் எனக்கு மனம் ஆறும். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

எந்த மொழியிலும் எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள். விசாரணை அறையில் நான் டெனிஷில் சொன்ன பதில்கள் பொய் இல்லை. ஆனால் அவசரத்தில் சொன்னவை. தமிழில் எழுதினால் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் பார்ப்பேன்.

என் பெயர் ஜெனுஷா. வயது இருபத்தாறு. பன்னிரண்டு வயதில் மன்னாரிலிருந்து அம்மாவோடு டென்மார்க்கில் இந்த ஒடென்சே நகரத்துக்கு வந்தேன். அம்மா மேரிசெலினுக்கு வைத்தியசாலைத் துணிகள் வெளுக்கும் இடத்தில் வேலை. நான் கொம்யூனின், அதாவது நகரசபையின், வீட்டுப் பராமரிப்பாளர். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்க உதவுவேன், சாப்பாடு சூடாக்கிக் கொடுப்பேன், மருந்து எடுத்து வைப்பேன். செவ்வாய் மாலைகளில் மாலைப் பள்ளியில் உடுப்பு வெட்டப் படிக்கிறேன். அங்கே எங்கள் ஆசிரியை பிர்கித்தே எல்லோரையும் ஒரு வேலைக் குறிப்பேடு எழுதச் சொல்வார். நாள், செய்த வேலை, அளவு, பிழை, பிழையின் காரணம். ஒரு பக்கத்தையும் கிழிக்கக் கூடாது. நான் கிழித்ததில்லை. அந்தக் கொப்பி இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

லொரேன் ஹட்லி என்ற பெயர் உங்களுக்கு முன்பு தெரிந்திராது. எனக்கும் தெரியாது. சென்ற ஆண்டு ஓகஸ்டில் என் வேலைப் பட்டியலில் வந்தபோது அவரைப் பற்றி இவ்வளவுதான் இருந்தது: அமெரிக்கர், எழுபத்தெட்டு வயது, தனியே வசிப்பவர், இடுப்பு மூட்டு மாற்றியவர், நினைவாற்றல் நன்று. கடைசி இரண்டு சொற்களையும் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அப்போதே கவனித்தேன்.

அவருடைய தலையை வாரிவிடும்போது தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒஹாயோவில் ஒரு சிறிய ஊர். தாய் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பத்தொன்பது வயதில் லொரேன் நியூயோர்க்குக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு தையற்கூடத்தில் ஆறு ஆண்டுகள் கோட்டுகளின் இடது கையை மட்டும் தைத்தார். வலது கை தைக்க இன்னொருத்தி இருந்தாளாம். முப்பத்தொரு வயதில் சொந்தப் பெயரில் உடுப்பு செய்யத் தொடங்கினார். தோளையும் கையையும் ஒரே துண்டில் வெட்டிய அவருடைய கோட் பத்திரிகைகளில் வந்தது. நடிகைகள் அணிந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் நிறுவனம் வேறு கைக்குப் போனது. பெயரும் அதோடு போய்விட்டது. அன்றிலிருந்து தான் தைத்த உடுப்பில் தன் பெயரைப் போட அவருக்கு உரிமை இல்லை. டெனிஷ்காரர் ஒருவரை மணந்து இங்கே வந்து, கணவர் இறந்த பிறகும் தைத்துக்கொண்டே இருந்தார். பெயருக்குப் பதிலாக இடது தோளின் உட்புறத்தில் சிவப்பு நூலில் ஒரு தையல் போடுவார். ஒன்றே ஒன்று.

நியூயோர்க்கில் ஓர் அருங்காட்சியகம் அவரிடம் பன்னிரண்டு புதிய கோட்டுகள் கேட்டிருந்தது. பெயர் போடாவிட்டாலும் யாருடையவை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்றார். ஏப்ரலில் அவற்றைக் கொண்டுபோய், பிறகு அங்கேயே தங்கையின் மகளோடு தங்கிவிடுவதாக இருந்தது. ஜனவரியில் பதினொன்று முடிந்துவிட்டன.

ஒக்டோபரில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒழுங்குக்காகத்தான் சொல்கிறேன். மாலைப் பள்ளியில் நான் தைத்த முதல் ஜக்கெற்றை அவரிடம் காட்டினேன். அவர் என்னோடு பேசியது ஆங்கிலமும் டெனிஷும் கலந்து. எனக்கு அது எங்கள் வீட்டுத் தமிழில்தான் ஞாபகம் நிற்கிறது.

"நான் ஆருக்கும் படிப்பிக்கிறேல்லை, முதலே சொல்லிப்போட்டன்" என்றார்.

பார்த்தால் மட்டும் போதும் என்றேன். ஜக்கெற்றை உள்வெளியாகத் திருப்பி, ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்த்தார். நான்கு நிமிடம் இருக்கும். மடித்துத் திருப்பித் தந்தார்.

"கவனமாத் தைச்சிருக்கிறாய்."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

அன்று அம்மா, "உன்ரை அமெரிக்கன் மனுசி என்னவாம்?" என்று கேட்டா.

"கவனமாத் தைச்சிருக்கிறனாம்."

"அது நல்லதுதானே. நானும் பதினாலு வருசமா வெளுக்கிறன், ஒருத்தனும் எனக்கு அப்பிடிச் சொல்லேல்லை. நீ என்னடாவெண்டால் செத்த வீட்டுக்குப் போட்டு வந்தவள் மாதிரி இருக்கிறாய்."

அம்மா எதையும் கூட்டித்தான் சொல்வா. நான் சாதாரணமாகத்தான் இருந்தேன்.

அவர் போகப் போகிறார் என்று தெரிந்த பிறகு நான் அவருக்காகத்தான் யோசித்தேன். தங்கையின் மகள் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருவாளாம். லொரேனுக்குக் குளிக்கிற தண்ணீர் எவ்வளவு சூடு வேண்டும், எந்தப் பக்கமாக எழுப்பினால் இடுப்பு நோகாது, இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டாவது கோட் முடியாவிட்டால் அவர் போகமாட்டார். நான் முதலில் நினைத்தது அவ்வளவுதான்.

அவருடைய வேலைக்கு ஒரு முறை உண்டு. அறையின் நடுவில் தலையும் கையும் இல்லாத துணிப் பொம்மை ஒன்று நிற்கும். நியூயோர்க்கிலிருந்து கூடவே கொண்டுவந்தது. திங்களன்று அதை அளந்து குறிப்பார். செவ்வாயன்று மலிவான பருத்தித் துணியில் ஒரு மாதிரி உடுப்பு வெட்டி, புதனன்று பொருத்துவார். வியாழனன்று அதைப் பொம்மைக்குப் போட்டுப் பார்ப்பார். அது சரியாக இருந்தால்தான் கம்பளித் துணியைத் தொடுவார். நான் போகும் நாள்கள் திங்கள், புதன், வியாழன்.

முதலில் அளவு நாடாவை மாற்றினேன். முன்நுனியில் ஆறு மில்லிமீற்றர் வெட்டிவிட்டு, உலோக முனையைத் திரும்பப் பொருத்திய நாடா. வியாழனன்று பார்த்தால் அந்த மாதிரி உடுப்பு பொம்மையில் மிகச் சரியாக உட்கார்ந்திருந்தது. அளந்ததும் அதே நாடா, வெட்டியதும் அதே நாடா. இரண்டு இடத்திலும் ஒரே அளவு குறைந்தால் குறை தெரியாது. முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்த விஷயம். டிராமில் வீட்டுக்கு வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வேலைக்கு நான் பொருத்தமானவள்தானா என்றுகூட யோசித்தேன். கொப்பியில் பிழையை எழுதினேன். காரணத்தையும் எழுதினேன்.

பிறகுதான் பொம்மையைக் கவனித்தேன். லினன் உறைக்குள்ளே பஞ்சு அடுக்கி, முதுகில் நாடாவால் இழுத்துக் கட்டியிருக்கும். கட்டை அவிழ்த்தால் தோள்வரை கை போகும். புதன் குளிக்கிற நாள். கதிரையில் இருத்தி, தண்ணீரைத் திறந்து, கதவைச் சாத்திவிட வேண்டும். பத்து நிமிடம் தனியே இருக்க அவருக்கு விருப்பம். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. எனக்கு ஏழு நிமிடம் போதும்.

பெப்ரவரி 5. பொம்மை. இடது தோள், பஞ்சு ஒரு மடிப்பு, 6 மிமீ. பிழை: இல்லை.

அடுத்த நாள் மாதிரி உடுப்பு இடது தோளில் இழுத்தது. லொரேன் திரும்ப அளந்தார். தன் குறிப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தார். திங்களன்று புதிய அளவைக் குறித்தார். புதனன்று நான் பஞ்சை எடுத்துவிட்டேன். வியாழனன்று அதே தோள் தொளதொளத்தது. அடுத்த புதன் மறுபடியும் வைத்தேன். அவர் கையெழுத்தில் இருந்த எந்த எண்ணும் பொம்மையோடு ஒத்துவரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு எண்ணை வாசிக்கச் சொல்லத் தொடங்கினார். நான் உள்ளதை உள்ளபடி வாசித்தேன்.

ஒரு வியாழன் பொம்மையின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"பொம்மை வளருமோ, ஜெனுஷா?"

"வளராது" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். யோசித்துப் பார்த்தால் அதுகூடப் பொய் இல்லை. பொம்மை வளராது.

ஒவ்வொரு வருகைக்குப் பிறகும் கொம்யூன் தந்த டப்லெட் கணினியில் நாங்கள் குறிப்பு எழுத வேண்டும். "இன்று ஒரே தோளைப் பதினொரு தடவை அளந்தார்." "தன் கையெழுத்தைத் தன்னுடையதல்ல என்கிறார்." "சாப்பாட்டை மறந்து பொம்மையின் அருகில் நிற்கிறார்." எல்லாம் நடந்தவை. நீங்கள் ஒவ்வொன்றையும் சரிபார்க்கலாம். குறிப்புகளைப் பார்த்து மேலாளர் டொக்டரை அனுப்பினார். டொக்டர் மறதியைச் சோதிக்க மணிக்கூடு வரையச் சொன்னார், மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். லொரேன் எல்லாவற்றையும் செய்தார். எழுந்து போகப்போன டொக்டரை அவரே மறித்து, "என்ரை கையை இனி நம்பேலாது. எனக்குள்ளை ஏதோ பழுதாப் போச்சு" என்றார். டொக்டர் திரும்ப உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். நான் தேநீர் கொண்டுவந்து வைத்தேன்.

அவர் பழைய கோட்டுகளையும் எடுத்துப் பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அது என் பிழை. பெப்ரவரி 27, வியாழன். அன்று பொம்மையில் மூன்று மடிப்பு இருந்தது. முடிந்த பதினொரு கோட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பதினொன்றும் இடது தோளில் இழுத்தன. ஒவ்வொன்றிலும் அந்தச் சிவப்புத் தையல் இருந்த இடத்தில்.

அவர் அழவில்லை. பெரிய கத்தரிக்கோலை எடுத்தார்.

"இதுகளை அங்கை கொண்டுபோய் என்னாலை நிக்கேலாது" என்றார்.

கம்பளி கனமான துணி. இழுத்துப் பிடிக்காவிட்டால் வெட்ட வராது. அவருடைய இடுப்போடு குனிந்து பிடிக்க முடியாது. பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். பதினொன்றையும் நான்தான் பிடித்தேன். வேண்டாம் என்று அப்போது சொல்லியிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். சொல்லியிருந்தால் காரணமும் சொல்ல வேண்டி வந்திருக்கும். அவர் அப்போதே களைத்துப்போயிருந்தார். அந்த நிலையில் அதையும் சேர்த்துத் தாங்கியிருக்கமாட்டார்.

மார்ச்சில் அவரைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். மறதி நோயாளருக்கான பகுதி. வாசலில் எண் அழுத்தித் திறக்கும் பூட்டு. அருங்காட்சியகத்துக்குத் தங்கையின் மகளே எழுதிவிட்டாள். எனக்குத் தொலைபேசி எடுத்து, இவ்வளவு அன்பாகப் பார்த்ததற்கு நன்றி என்று அழுதாள். இருக்கட்டும் என்றேன்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டதை இப்போது தெளிவாக எழுதுகிறேன். லொரேன் ஹட்லிக்கு மறதி நோய் இல்லை. ஒருபோதும் இருக்கவில்லை. அவருடைய கண்ணும் கையும் கடைசிவரை சரியாக இருந்தன. அவற்றைச் சரியில்லை என்று அவரையே நம்பவைத்தது நான். நான் மட்டும்தான். அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பன்னிரண்டாவது கோட்டுக்குத் துணி வெட்ட அளவாக வைத்திருந்த கடதாசி வெட்டுகள் அறையிலேயே கிடந்தன. பஞ்சு வைப்பதற்கு முன் வெட்டியவை. அவற்றைக் கொண்டுபோய் மாலைப் பள்ளியில் கோட்டை நானே தைத்தேன். என் உடம்பும் பொம்மையும் ஏறக்குறைய ஒரே அளவு. ஏப்ரலில் ஒரு புதன்கிழமை அதை அணிந்துகொண்டு அவரைப் பார்க்கப் போனேன். ஜன்னலோரம் இருந்தார். மடியில் கிடந்த போர்வையின் விளிம்பை விரல்களால் சாண் சாணாக அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தேன். அவருடைய கை தானாக என் இடது தோளுக்கு வந்தது. ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"ஆறு மில்லிமீற்றர் கூட" என்றார்.

உடனே கையை எடுத்துக்கொண்டார். "குறை நினையாதை. நான் இப்ப எல்லாம் பிழையாத்தான் சொல்லுறன்."

வீட்டுக்கு வந்து அளந்தேன். ஆறு மில்லிமீற்றர். கடதாசி வெட்டில் பிழை இல்லை. துணியில் பென்சில் அடையாளத்துக்கு வெளியே வெட்டியிருக்கிறேன். கொப்பியில் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, கவனக்குறைவு என்று எழுதினேன். பிர்கித்தே கொப்பிகளைத் திருத்த வாங்கியது அதற்கு அடுத்த கிழமை. நான் மற்றவர்களைப் போலவே கொடுத்தேன். அங்கிருந்துதான் அது உங்கள் மேசைக்கு வந்தது.

கொப்பியைக் கொடுப்பதற்கு முன் கோட்டின் தோளைப் பிரித்துச் சரியாகத் தைத்துவிட்டேன். அதையும் அணிந்துகொண்டு போய், தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு விருப்பமில்லை. கையைப் பிடித்து வைத்தேன். நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப அண்டைக்கு நான்தான் பிழையாச் சொல்லியிருக்கிறன், என்ன?" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. நோயாளியோடு வாதாடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.