பார்த்த விலையை மட்டும் எழுதியவர்

இந்த இரங்கல் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் மளிகை வணிகர் நூர் அகமது நானா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, சுரக்குடியிலிருந்து வண்டி பிடித்து வந்திருக்கும் விவசாயத் தோழர்களே, முன்வரிசையில் இடம் இருந்தும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் போலகத்துச் சகோதரிகளே, தந்தையைப் பறிகொடுத்து நிற்கும் மகள் வினோதா அவர்களே! நுகர்வோர் சங்கத்தின் தலைவர் என்ற முறையில், தங்கையன் ஆகிய என் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தலைவர் என்ற முறையில் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். நான் பேசி முடித்த பிறகும் அந்தச் சொல் என்மேல் ஒட்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம்மை விட்டுப் பிரிந்த ஐயா வைத்தியலிங்கம் அவர்கள் யார்? புள்ளியியல் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் விலை விசாரித்தவர். வாரம் தவறாமல் குறிப்பிட்ட கடைகளுக்குப் போய், அரிசி என்ன விலை, பருப்பு என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று எழுதி அனுப்புவதுதான் அவர் உத்தியோகம். பணவீக்கம் இத்தனை சதவீதம் என்று செய்தியில் சொல்கிறார்களே, அது வானத்திலிருந்து விழுவதில்லை. இப்படி ஒரு மனிதர் வெயிலில் நடந்து எழுதிய சீட்டிலிருந்துதான் அது பிறக்கிறது.

அவர் விசாரித்த விதத்தை நானா அவர்களே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். "மொத நாளு வந்தாரு. வெல கேக்கல, சரக்கு கேக்கல. ஓரமா அரை மணி நேரம் நிக்கிறாரு. கல்லாவுல கைய வைக்க வந்த ஆளோன்னு நெனச்சிட்டேன்!" ஏன் நின்றார்? யாராவது வந்து பருப்பு வாங்கி, காசு கொடுத்து, மீதியைக் கையில் வாங்குகிறவரை நின்றார். கடைக்காரர் சொல்லுகிற விலை வேறு, வாங்குகிறவர் கொடுக்கிற விலை வேறு என்பது அவர் கட்சி. சொன்ன விலையை அவர் எழுதியதே இல்லை. கண்ணால் பார்த்த விலையைத்தான் எழுதினார்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்த மனிதர் ஓய்ந்தாரா? மார்க்கெட் வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டினார். தினமும் காலையில் இடது பக்கம் அன்றைய விலை. வலது பக்கம் என்ன எழுதினார் தெரியுமா? கூலி வேலைக்காகச் சந்தை முனையில் எத்தனை பேர் வந்து நின்றார்கள், அவர்களில் எத்தனை பேரை வேலைக்கு அழைத்துப் போனார்கள் என்று எழுதினார். அறுபத்திரண்டு பேர் நின்றார்கள், முப்பது பேர் போனார்கள். நாடெங்கும் எத்தனையோ விலைப் பலகைகள் உண்டு. அதன் பக்கத்திலேயே இந்தக் கணக்கையும் எழுதிய பலகையை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

பார்த்ததில்லை என்பதால் மதித்தேனா? கேலி செய்தேன். "பருப்பு வெல பாக்க வர்றவனுக்கு கூலியாள் கணக்கு எதுக்குங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "வெலய கொறைக்க ரெண்டு வழி இருக்குங்க. சரக்க பெருக்கலாம். இல்லன்னா வாங்குற ஆள கொறைக்கலாம். ரெண்டாவது வழி சுலபம். அது நடக்குதான்னு பாக்கத்தான் இந்தப் பக்கத்துல எழுதுறேன்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க பென்சன் வாங்குறீங்க, நானும் வாங்குறேன். வெல ஏறுனா நமக்கு அகவிலைப்படி ஏறும். போலகத்துல பருப்பு பொட்டலம் கட்டுற நம்ம அஞ்சுகத்துக்கு எதுங்க ஏறும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உறைக்கவில்லை. உறைத்திருந்தால் இன்று இப்படி உங்கள் முன் நின்றுகொண்டிருக்க மாட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பருப்பு விலை ஏறிக்கொண்டே போனது. போலகத்தில் கூட்டுறவுப் பொட்டலக் கூடம் ஒன்று இருந்தது. அஞ்சுகம் உட்பட நாற்பத்தொரு பெண்கள் அங்கே பருப்பைப் புடைத்து, கல் பொறுக்கி, பொட்டலம் கட்டினார்கள். அதை மூடிவிட்டு, இயந்திரத்தில் கட்டிய பொட்டலத்தை வெளியூரிலிருந்து லாரியில் இறக்கினால் கிலோவுக்கு ஆறு ரூபாய் குறையும் என்று ஒரு திட்டம் வந்தது. அரசு அதிகாரிகள் கருத்துக் கேட்கக் கூட்டமும் போட்டார்கள்.

ஐயா அவர்கள் ஆறு பக்கத்தில் ஒரு மனு எழுதினார். சம்பா அறுத்த பிறகு சுரக்குடி வயல்களில் விளைகிற உளுந்தையும் பயறையும், விலை மலிந்து கிடக்கும்போதே அரசு நல்ல விலைக்கு வாங்கி வைக்கட்டும். போலகத்துப் பெண்களே அதைச் சுத்தம் செய்து கட்டட்டும். ஐப்பசி மழையில் விலை ஏறும்போது நியாயவிலையில் வெளியே விடட்டும். மொத்த வியாபாரிகள் துவரை முதலானவற்றைப் பதுக்கி வைத்திருக்கிறார்களா என்று கிடங்கில் சோதித்துப் பார்க்கட்டும். இதில் ஆறு ரூபாய் குறையாது, நான்குதான் குறையும். ஆனால் மழையிலும் ஏறாது, ஒருவருடைய வேலையும் போகாது. இவ்வளவுதான் மனு. படித்தபோதே தெரிந்தது, இப்படி ஒன்றை என்னால் எழுதியிருக்க முடியாது என்று. பொறாமை என்று இன்றைக்குப் பெயர் சொல்கிறேன். அன்றைக்கு அதற்கு வேறு பெயர் வைத்திருந்தேன்.

கூட்டத்தன்று அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. மனுவை என் கையில் கொடுத்து, "நீங்க தலைவரு, நீங்க கொடுத்தா எடுபடும்" என்றார்.

சற்று முன் பேசிய நண்பர், அப்பழுக்கில்லாத ஐயாவின் வாழ்க்கையில் ஒரே ஒரு மறதி என்றார். மனுவைக் கொடுக்க மறந்துவிட்டார், முதுமை, மன்னிப்போம் என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். அன்பர்களே! அது மறதி அல்ல. அவருடையதும் அல்ல.

கூட்டத்தில் எனக்கு மேடையில் நாற்காலி போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். "சங்கத்தின் நெடுநாள் கோரிக்கை, ஆறு ரூபாய் குறைகிறது, தலைவர் மகிழ்ச்சிதானே?" என்று கேட்டார்கள். கைதட்டல். என் மடியில் மஞ்சள் பை. பைக்குள் மனு. நான் எழுந்தேன். "விலை குறைந்தால் போதும், அதுவே மக்களின் குரல்" என்று பேசிவிட்டு உட்கார்ந்தேன். பையைத் திறக்கவில்லை.

மாலையில் போனில் கேட்டார்: "கொடுத்துட்டீங்களா?"

"கொடுத்தாச்சுங்க" என்றேன்.

இவ்வளவுதான். ஒரே சொல். மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, தடவித் தடவி, பலகையில் எழுதினார்: 'போலகம் கூடம் தொடர்பாக மனு கொடுக்கப்பட்டது.' வாழ்நாளில் ஒரே ஒரு முறை, தான் பார்க்காததை, ஒருவன் சொன்னதை வைத்து எழுதினார். அந்த ஒருவன் நான்!

அஞ்சுகம், உட்காருங்க. உங்களுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுந்து போனாலும் குற்றமில்லை, கேட்டுவிட்டுப் போங்க.

அந்தச் சமயத்தில் அஞ்சுகத்துக்கு இறால் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை வந்தது. வேண்டாம் என்றார். ஏன்? பலகையில் எழுதியிருக்கிறதே! அந்தப் பலகை பொய் சொல்லாதே! இவரைப் போல இன்னும் எத்தனை பேர் காத்திருந்தார்களோ. அடுத்த மாதம் கூடத்தைப் பூட்டினார்கள். இறால் கம்பெனியில் அதற்குள் ஆள் நிரம்பிவிட்டது. பருப்பு ஆறு ரூபாய் இறங்கியது, உண்மை. இடது பக்கத்தில் எண் குறைந்தது. வலது பக்கத்தில் நிற்பவர்கள் எண் கூடியது. "பருப்பு மலிவாத்தாங்க இருக்கு, வாங்கத்தான் வழியில்ல" என்று அஞ்சுகம் நானா கடையில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். ஐப்பசியில் சாலை முழுகி லாரி வரவில்லை. ஆறு ரூபாய் இறங்கிய பருப்பு ஒன்பது ரூபாய் ஏறியது. அந்தத் தை மாதம் எனக்கு அகவிலைப்படி உயர்ந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஐயா சும்மா இருந்தாரா? கண் தெளிந்ததும் கூட்டம் போட்ட அலுவலகத்துக்கு நேரில் போனார்; அதற்குள் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மனுக்கள் பதிவேட்டைப் பார்த்தார். நம் மனு இல்லை. திரும்பி வந்தார். பழைய வரியை அழித்தார். கீழே எழுதினார்: 'மனு கொடுக்கப்படவில்லை. தவறு என்னுடையது. வைத்தியலிங்கம்.'

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது நம் மார்க்கெட் வாசலில் இரண்டு ஆண்டுகள் எழுத்தில் இருந்தது. தினமும் விலையை அழித்து எழுதினார், அந்த வரியை மட்டும் அழிக்கவில்லை. மழையில் கரைந்தால் மறுபடி எழுதினார். போலகத்துப் பெண்கள் அவரை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். "எங்க வயித்துல அடிச்சிட்டீங்களே ஐயா" என்றார்கள். தலைகுனிந்து நின்றார். பத்தடி தள்ளி, கையில் கத்தரிக்காயோடு நான் நின்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கதை என்று நினைக்காதீர்கள். இரண்டு ஆண்டுகள் மறைத்தவன் பேசுகிறேன். ஒரு நாளாவது என்னிடம், ஏன் இப்படிச் செய்தீங்க என்று கேட்டிருக்கலாமே! கேட்கவில்லை. தினமும் வணக்கம் சொன்னார். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்கு எப்படித்தான் கை எழுந்ததோ!

முந்தாநாள் வினோதாவிடம் உண்மையைச் சொல்லப் போனேன். சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் சொன்னது: "எனக்குத் தெரியுங்க. அப்பாவ கேட்டேன், நீங்க ஏம்ப்பா பழிய ஏத்துக்கிறீங்கன்னு. 'பாக்காம எழுதுனது நான்தானம்மா, அது என் தப்புதானே'ன்னாங்க." அவர் எனக்காகத் தியாகம் செய்யவில்லை, அன்பர்களே. தன் தவறைத் தன் தவறு என்று எழுதினார். என் தவறை எழுத வேண்டியவன் நான். எழுதாமல் விட்டேன்.

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மழைக்கு முன் விலையைக் கட்டுப்படுத்துவது பற்றி மறுபடியும் கருத்துக் கேட்கிறார்கள். இதோ அந்த மஞ்சள் பை. இதோ ஐயாவின் மனு. மடிப்புக் கலையாமல் என் பீரோவில் இருந்தது. விலை குறைவதோடு போலகம் கூடத்தின் பூட்டும் திறக்கப்பட வேண்டும் என்று இதைக் கொடுப்பேன். இதை மறைத்தவன் நான் என்பதையும் அந்தச் சபையில் சொல்வேன். ஐயாவின் பலகையில் இரண்டு பக்கமும் எழுதுவது இனியும் நின்றுபோகாது. இது என் உறுதிமொழி.

ஆனால் என் உறுதிமொழியை நம்பாதீர்கள். சொன்னதை நம்பித்தான் ஐயா ஒரு முறை கெட்டார். அஞ்சுகம், அவருடைய சாக்குக்கட்டிப் பெட்டியை வினோதா உங்களிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்க. வியாழக்கிழமை நீங்களும் வாங்க. மனு பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு, கொடுக்கப்பட்டது என்று எழுதுங்க. அதற்கு முன்னால் எழுதாதீங்க.

ஒன்றை மட்டும் இன்றைக்கே எழுதலாம். அந்தக் கடைசி வரியில் அவர் பெயரை அழித்துவிட்டு, தங்கையன் என்று எழுதுங்க. முத்திரை விழாத இந்த மனுவைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டீர்களே.