குளிகையில் அனுப்பிய விண்ணப்பம்

மதிப்பிற்குரிய விசா அதிகாரி அவர்களுக்கு,

அன்னவாசல் பேருந்து நிலையத்துக்கு எதிரே வாழைக்காய் பஜ்ஜி போடுகிற கடை ஒன்று இருக்கிறது. நீங்கள் எப்போதாவது டெல்லியிலிருந்து சித்தன்னவாசல் ஓவியம் பார்க்க வந்தால், ஓவியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இங்கே வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு முதல் ஈடு இறங்கும். அதற்கு அடுத்த கடைதான் என்னுடையது. ரத்தினம் பிரவுசிங் சென்டர். பெயர் ரத்தினவேல், வயது அறுபத்துமூன்று, சர்க்கரை இருக்கிறது, பஜ்ஜியை இன்னும் விடவில்லை.

தமிழில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலத்தில் படிவம் நிரப்புகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்தது படிவத்து ஆங்கிலம் மட்டும்தான். நான் சொல்ல வந்த சங்கதிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. உங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இல்லாமலா போய்விடுவார்.

விஷயம் ஹரிணி என்கிற பிள்ளையைப் பற்றியது. பால் பதப்படுத்தும் மேல்படிப்புக்காக உங்கள் அயர்லாந்துக்கு இரண்டு தடவை விண்ணப்பித்து, இரண்டு தடவையும் நீங்கள் மறுத்த பிள்ளை. இரண்டாவது தடவை, போலி ஆவணம் கொடுத்தாள் என்று எழுதி, ஐந்து வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவே கூடாது என்று தடையும் போட்டீர்கள். அது சம்பந்தமாகத்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை, டீ வந்தால் குடித்துக்கொண்டே படியுங்கள்.

ஹரிணியின் அப்பா சேவுகன் என் சிநேகிதன். ஒன்றாம் வகுப்பிலிருந்து. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருஷ சர்வீசில் ஒரு மெமோ வாங்கியதில்லை. டிக்கெட் கொடுத்த பழக்கத்தில் இன்றைக்கும் பேப்பரைப் புரட்டுவதற்குக்கூட விரலை நாக்கில் தொட்டுக்கொள்வான். விசிலையும் அவன் விடவில்லை, சட்டைப்பையில் வைத்திருந்தான். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு நாலு பஜ்ஜியோடு என் கடைக்கு வருவான். கதவடியில் நின்று ஒரு விசில். வண்டி நின்றது என்று அர்த்தம். ஏழரை மணிக்கு ரெண்டு விசில் அடித்துவிட்டு எழுந்து போவான். இடைப்பட்ட இரண்டரை மணி நேரம் நாங்கள் சிரித்த சிரிப்பு இந்த ஊருக்கே தெரியும். அவன் வண்டியில் ஆட்டுக்குட்டிக்கு அரை டிக்கெட் கேட்ட ஆள், கீரனூர் போக வேண்டியவர் தூங்கிப்போய் விராலிமலையில் இறங்கி அவனோடு சண்டை போட்டது, எல்லாம் நூறு தடவை கேட்டவைதான். நூற்றியோராவது தடவையும் நான் சிரிப்பேன்.

ஏனென்றால் என் வீட்டில் சிரிக்க ஆள் இல்லை. என் மகள் ரஞ்சிதாவைப் படிக்கக் கனடாவுக்கு அனுப்பியது நான்தான். இதே கம்ப்யூட்டரில் என் கையால்தான் விண்ணப்பத்தை அனுப்பினேன். விசா வந்த அன்று பேருந்து நிலையத்தில் பேனர் வைத்தேன், அதில் என் படம் அவள் படத்தைவிடப் பெரியதாக இருந்தது. அவள் அங்கேயே வேலை தேடிக்கொண்டாள், கல்யாணம் முடித்தாள். பிரசவம் பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் வருகிறேன் என்று என் மனைவி அழகி போனாள். நாலு வருஷமாகிறது. இப்போது இரண்டாவது பேரன். வீடியோவில் அம்மாவும் மகளும் நன்றாகப் பேசுகிறார்கள். எனக்கு வருத்தமில்லை. ஒரு வீட்டிலிருந்து பிள்ளை போனால் பின்னாலேயே பெற்றவர்களும் போவார்கள் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அன்னவாசலைச் சுற்றிப் பாதிப் பேருக்கு என் மெயில்தான் மெயில். பட்டா, சாதிச் சான்றிதழ், பரீட்சை ஹால் டிக்கெட் என்று எதற்கு வந்தாலும், போன் நம்பர் என்கிற கட்டத்தில் என் நம்பரையும் மெயில் என்கிற கட்டத்தில் என் மெயிலையும் போட்டுவிடுவேன். அவர்களும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். யார் பாஸ், யாருக்கு வேலை, யாருடைய மனு தள்ளுபடி, எல்லாம் முதலில் எனக்குத்தான் தெரியும். நல்ல சேதி என்றால் வீட்டுக்கே ஓடிப்போய்ச் சொல்வேன். எத்தனையோ வீட்டில் என் வாயில் சர்க்கரை போட்டிருக்கிறார்கள். அந்தச் சர்க்கரைதான் இப்போது ரத்தத்தில் இருக்கிறது.

ஹரிணியின் முதல் விண்ணப்பத்திலும் அப்படித்தான் போட்டேன். அதை வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று சேவுகன் நாள் குறித்துக்கொண்டு வந்தான். வியாழன் ஒன்பதிலிருந்து பத்தரை வரை குளிகை. குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் அந்த நேரத்தில் நகை வாங்குவார்கள், சாவுக் காரியம் மட்டும் செய்ய மாட்டார்கள். மகள் ஒரு தடவை போனால் போதாது, வருவதும் போவதுமாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஹரிணியைப் பட்டன் அழுத்தச் சொன்னோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். சேவுகன் ரெண்டு விசில் அடித்தான். பஜ்ஜிக் கடைக்காரர்கூட வந்து கைதட்டினார். நானும் மனசாரத்தான் தட்டினேன்.

அன்று சாயங்காலம் சேவுகன் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: “மச்சான், இவ போயி ஒரு வேலையில ஒக்காந்துட்டான்னா நாங்களும் ரெண்டு வருசத்துல அங்கிட்டுப் போயிருவோம்டா. முப்பத்தொரு வருசமா ஒரே ரூட்டு. வேற ஊரு பாக்க வேண்டாமா?”

வேண்டாமா என்று அவன் என்னைத்தான் கேட்டான். அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். வாயில் பஜ்ஜி இருந்தது.

பதினோராவது நாள் உங்களிடமிருந்து மெயில் வந்தது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் என்ன செய்தாள் என்று விளக்கக் கடிதம் கேட்டிருந்தீர்கள், ஏழு வேலை நாளுக்குள். விளக்கம் சுலபம். அவள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது, கூட இருந்து பார்த்துக்கொண்டாள். அரைப் பக்கத்தில் முடிகிற கடிதம். நான் அந்த மெயிலைப் படித்தேன், மூடினேன். நீங்கள் யோசித்துப் பார்த்தால் புரியும், நான் எதுவும் செய்யவில்லை. ஒருவர் ஒரு காரியத்தைச் செய்யாமல் இருப்பதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது. அந்த ஏழு நாளும் சேவுகன் வழக்கம்போல வந்தான், வழக்கம்போலச் சிரித்தோம். எட்டாவது நாள் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

மறுப்பு வந்ததும் நானே நேரில் போய்ச் சொன்னேன். ஹரிணி அழுதாள், நானும் அழுதேன். மாட்டுப்பாலைப் படிக்கக் கடல் தாண்ட வேண்டுமா, இங்கிட்டு இல்லாத மாடா என்று கேட்டுச் சிரிக்க வைத்தேன். நல்ல பிள்ளை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வருஷம் பார்ப்போம் மாமா என்று சொல்லிவிட்டது. குளிகை அதன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது அங்கேதான்.

அடுத்த வருஷம் அதே கல்லூரியில் மறுபடி இடம் வாங்கினாள். இந்தத் தடவை தன்னுடைய சொந்த மெயிலையே போடலாமே என்றாள். பழைய விண்ணப்பத்தில் இருந்த மெயிலையே போட்டால்தான் பழைய ஃபைலோடு சேரும், மாற்றினால் சந்தேகப்படுவார்கள் என்று சொன்னேன். அப்படி ஒரு விதி உங்களிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னபோது உண்மை மாதிரியே இருந்தது.

ஆவணங்களை ஒழுங்காக அடுக்கி, ஓட்டை போட்டு, ஃபைல் கட்டுவதில் எனக்கு இந்த வட்டாரத்தில் பெயர் உண்டு. ஹரிணி கவனமான பிள்ளை. ஒவ்வொரு தாளாக எண்ணினாள், முப்பத்துநாலு. என்னிடம் கொடுத்துவிட்டு, சென்னை விசா மையத்துக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள் மாமா என்று சொல்லிப் போனாள். நான் பதினொன்றாவது தாளுக்கும் பன்னிரண்டாவது தாளுக்கும் நடுவில் ஒன்றைச் சேர்த்தேன். சென்னையில் ஒரு பால்பொருள் கம்பெனியில் அவள் ஒரு வருஷம் வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழ். கம்பெனியின் பெயர், சின்னம், வட்ட முத்திரை எல்லாம் நான் உருவாக்கியது. முத்திரை மிக அழகாக வந்திருந்தது, நீங்களே பார்த்திருப்பீர்கள். இவ்வளவு நன்றாக வந்துவிட்டதே, கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவீர்களோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அதனால் இல்லாத தெருவின் பெயரைப் போட்டு, போன் நம்பரில் ஒரு இலக்கத்தைக் குறைத்தேன். நீங்களும் என்னை ஏமாற்றவில்லை, கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் வேலைச் சுத்தத்தை இந்த இடத்தில் பாராட்டியாக வேண்டும்.

உங்கள் இரண்டாவது கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு போய், நான்தான் சேவுகனுக்குத் தமிழில் சொன்னேன். போலி என்கிற வார்த்தை வந்ததும் அவன் உட்கார்ந்துவிட்டான். ஹரிணி சாமி படத்தின் மேல் கையை வைத்து, அந்தத் தாளை நான் பார்த்ததேயில்லை என்றாள். அவன் நம்பவில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு ரூபாய் கூடக்குறைய வாங்காதவனுக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று அவன் கேட்டபோது எனக்கே பாவமாக இருந்தது. அவளை அடிக்கக் கையை ஓங்கினான். நான்தான் குறுக்கே பாய்ந்து தடுத்தேன்.

“விடுறா மச்சான். சின்னப்பிள்ள, போகணும்ங்கிற அவசரத்துல ஏதோ பண்ணிருச்சு. நான் மன்னிச்சிட்டேன், நீயும் மன்னிச்சிரு,” என்றேன்.

அன்றைக்கு நான் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அடி விழுந்திருக்கும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் ஐந்து மணிக்கு விசில் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சேவுகன் வெளியே வருவதையே விட்டுவிட்டான். மகள் பொய் ஆவணம் கொடுத்த சேதி ஊருக்குத் தெரிந்துவிட்டதாம், பஜ்ஜிக் கடை முன்னால் எப்படி நிற்பது என்கிறானாம். மகளோடு பேச்சு இல்லை, ஐந்து மாதமாக ஒரே வீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்கள். நான் வீட்டுக்குப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். இதற்காகவா நான் இவ்வளவு பாடுபட்டேன். எனக்கு அழுகிற சேவுகன் வேண்டாம். சிரிக்கிறவன்தான் வேண்டும்.

போன திங்கட்கிழமை ஹரிணி தனியாகக் கடைக்கு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். பஜ்ஜி சொல்லட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். எதிரே, அவள் அப்பா உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“மாமா, எண்ணித்தான் குடுத்தேன். முப்பத்துநாலு. நான் குடுத்தப்பறம் அத தொட்டது நீங்க மட்டும்தான்.”

கம்ப்யூட்டரில் சில சமயம் ஃபைல் மாறிவிடும் என்று ஏதோ சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

“ஏன்னு நான் கேக்க மாட்டேன் மாமா. போலீசுக்கும் போகல. அப்பாகிட்டயும் சொல்ல மாட்டேன், ஒங்களப் பத்தித் தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு. நீங்க விசா ஆபீசுக்கு ஒரே ஒரு லெட்டர் மட்டும் எழுதிருங்க. அத நான் செய்யலன்னு. தடைய எடுத்தா நான் போயிருவேன்.”

என்ன பெருந்தன்மை பாருங்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்ப்பது அரிது. நான் அப்போதே அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள், கூச்ச சுபாவம்.

ஆகவே ஐயா, தெளிவாகவே எழுதிவிடுகிறேன். ஹரிணி எந்தத் தவறும் செய்யவில்லை. முதல் தடவை நீங்கள் கேட்ட விளக்கத்தை அவளிடம் சொல்லாமல் மறைத்தவன் நான். இரண்டாவது தடவை போலிச் சான்றிதழைத் தயாரித்து அவள் ஃபைலில் வைத்தவனும் நான். அவளுக்குத் தெரியாது, அவள் அப்பாவுக்கும் தெரியாது. என் சிநேகிதனை என்னோடு வைத்துக்கொள்வதற்காக அவன் மகளின் படிப்பையும் பெயரையும் கெடுத்தேன். தடையை நீக்கிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் மனசு எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா. பக்கத்துக் கடையில் எண்ணெய் காய்கிற வாசனை இப்போதே வருகிற மாதிரி இருக்கிறது. இனி சேவுகனும் வருவான். இன்றைக்கு வியாழக்கிழமை. வேண்டுமென்றேதான் ஒன்பதரை மணிக்காகக் காத்திருக்கிறேன், குளிகையில் அனுப்பினால் நல்லதுதானே.

கடைசியாக ஒன்று. எழுந்து போகும்போது ஹரிணி ஒரு துண்டுத் தாளில் தன் சொந்த மெயில் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். பதில் இந்த முகவரிக்கு வர வேண்டும் என்று கடிதத்தின் கடைசியில் மறக்காமல் போடச் சொன்னாள். தாள் இதோ, விசைப்பலகைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். இரண்டு மெயில் இருந்தால் வீண் குழப்பம். அதனால் உங்கள் பதிலை இந்த மெயிலுக்கே அனுப்புங்கள். வந்ததும், சரியான நேரம் பார்த்து, நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரத்தினவேல்