ஒரு நிமிட நிறுத்தம்

லிஃப்ட்டில் யாராவது இருந்தால் நான் படியேறிப் போய்விடுவேன். எங்கள் அலுவலகம் நான்காவது மாடி. மூச்சு வாங்கும். ஆனால் யாரிடமும் சாப்பிட்டாச்சா என்று கேட்க வேண்டியதில்லை. என் சுபாவம் அப்படி. நேற்று நீங்கள் விசாரித்தபோது அறையில் எல்லோரும் இருந்தார்கள். இன்று நீங்கள் மட்டும் இருக்கிறீர்கள் மேடம், அதனால் சொல்ல முடிகிறது.

அடிக்குப் பயந்து வீட்டை விட்டு வந்த பெண்களைத் தங்கவைக்கும் இல்லத்துக்கு நாங்கள் மென்பொருள் செய்துகொடுத்தோம். அதைப் பார்த்துக்கொண்டது நான். இல்லத்துக்கு வெவ்வேறு தெருக்களில் வீடுகள் இருந்தன. எதிலும் பெயர்ப்பலகை கிடையாது. யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது தலைவிக்கும் இரண்டு பணியாளர்களுக்கும்தான் தெரியும்.

வெளியாட்களைத் தடுக்க வேண்டிய ஃபயர்வால் எப்படி விட்டது என்று கேட்டீர்கள். கன்டெய்னரை, சர்வருக்குள் வைத்த மூடிய பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் டேட்டாபேஸ் அதற்குள் இருந்தது. சர்வரின் எந்த போர்ட்டுக்கு, அதாவது எந்த வாசலுக்கு, வருவதைப் பெட்டியின் எந்த போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கோப்பில் ஒரு வரி எழுதுவோம். இரண்டு எண்கள், நடுவில் ஒரு முக்காற்புள்ளி. அவற்றுக்கு முன்னால் உள் முகவரியைச் சேர்த்தால் அந்த சர்வருக்குள் இருந்து மட்டும் வரலாம். சேர்க்காவிட்டால் உலகத்தில் யாரும் வரலாம். ஃபயர்வால் தடுக்காது. கன்டெய்னர் மென்பொருள் தன் வழியை ஃபயர்வாலுக்கு முன்பாகவே போட்டுக்கொள்ளும். ஃபயர்வாலோ, மூடியிருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். இது தெரியாமல் நிறையப் பேர் மாட்டிக்கொள்வார்கள். எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. சொட்டு மருந்து போட ஆள் வேண்டும் என்பதால் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கினேன். அதற்குப் பாதுகாப்பான இணைப்பை நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கேட்டு வாங்க வேண்டும். அவரை எல்லோரும் வாட்ச்மேன் என்பார்கள். காலையில் எல்லோரும் நின்றுகொண்டே பேசும் கூட்டத்தில் யாராவது தினமும் ஆரம்பிப்பார்கள்.

"வாட்ச்மேன் சார், கதவெல்லாம் பூட்டியாச்சா?"

"பூட்டி சாவிய முழுங்கிட்டேன். வேணும்னா நாளைக்குக் காலைல வாங்க."

நல்ல மனிதர். ஆனால் இணைப்புக் கேட்டால், "வீட்ல உக்காந்து சீரியல் பாக்கவாம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் முகம் சிவந்துவிடும். அதற்குப் பதிலாக அந்த வரியிலிருந்து உள் முகவரியை அழித்தேன். மாதாந்திர அப்டேட்டுக்காக அன்று மத்தியானம் அண்ணன் எல்லாக் கன்டெய்னர்களையும் நிறுத்தி மீண்டும் தொடங்கினார். என் மாற்றமும் அதோடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. வீட்டிலிருந்து நேராக டேட்டாபேஸுக்குள் போக முடிந்தது. அம்மாவின் கண் நன்றாக ஆறியது.

அலுவலகம் திரும்பியதும் வரியைப் பழையபடி மாற்றிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் போர்ட்டை மாற்றினால் கன்டெய்னரை நிறுத்தித் தொடங்க வேண்டும். ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் எல்லோருடைய போனிலும் எச்சரிக்கை மணி அடிக்கும். யார் நிறுத்தியது, எதற்கு என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கம் அது. அடுத்த அப்டேட்டின்போது சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டேன். அது நியாயமாகவே பட்டது.

பிறகு பதிவுகளைப் பார்த்தபோது எனக்குத் தெரியாத ஓர் இடத்திலிருந்து யாரோ உள்ளே வந்துபோவது தெரிந்தது. பாஸ்வேர்டு எங்கள் நிறுவனத்தின் பெயர்தான், ஊகிக்கக் கஷ்டமில்லை. சாதாரணமாக இப்படி வருபவர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார்கள். இவர் எதையும் எடுக்கவில்லை. தினமும் வந்து ஒரே ஒரு பெயரைத் தேடினார்.

அந்தப் பெயர் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. மென்பொருளைச் சொல்லிக்கொடுக்க இல்லத்தின் அலுவலகத்துக்குப் போன அன்று, மாதிரிக்காக நானே தட்டச்சு செய்து காட்டிய பெயர் அது. அந்தப் பெயருக்கு உரியவர் பக்கத்து அறையில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"பட்டன் தொங்குதே. அப்படியே நில்லு."

சட்டையைக் கழற்றாமலேயே தைத்தார். கழுத்துப் பட்டன். ஊசி என் தொண்டைக்குப் பக்கத்தில் போய்வந்துகொண்டிருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"பயப்படாத, குத்த மாட்டேன். என்ன, பேசவே மாட்டியா?"

தலையாட்டினேன்.

"நானும் இப்படித்தான் இருந்தேன் கண்ணு. வாயத் திறக்காம இருந்தா அடி குறையும்னு நெனச்சேன். குறையல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இந்தா, இனிமே விழாது."

அவர் கணவர் இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்று இல்லத் தலைவி அப்போதே சொல்லியிருந்தார். அதனால் தேடுவது யார் என்று நான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. டேட்டாபேஸில் பெயரும் வயதும் சேர்ந்த தேதியும் மட்டுமே இருந்தன. முகவரி இல்லை. ஆகவே பெரிய ஆபத்து இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் நான் செய்துகொண்டிருந்த வேலை, எந்தப் பெண் எந்த வீட்டில் தங்கியிருக்கிறார் என்பதை அதே டேட்டாபேஸில் சேர்ப்பது. இல்லத்தார் கேட்டிருந்தார்கள். கூட்டத்தில் எங்கள் குழுத் தலைவி அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உன்னோடது என்னாச்சு? இன்னிக்கு ஏத்திரலாமா, இல்ல ஏதாவது பிரச்சினையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிரச்சினை என்று சொன்னால் என்ன பிரச்சினை என்று கேட்பார்கள்.

"முடிஞ்சிருச்சுக்கா. ஏத்திரலாம்."

"இதச் சொல்றதுக்கு இவ்ளோ நேரமா? நான் வேற எதுவோன்னு பயந்துட்டேன்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மத்தியானம் ஏற்றினேன். புதிய பகுதியைச் சேர்க்க டேட்டாபேஸை நிறுத்த வேண்டியதில்லை. எந்த போனிலும் மணி அடிக்கவில்லை. மறுநாள் அந்தப் பெயர் ஒரு முறை தேடப்பட்டது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. சலித்துப்போய் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டையை மடித்து, அலமாரியில் எல்லாத் துணிகளுக்கும் அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கணவர் பழக்கூடையோடு வந்து உறவுக்காரர் என்று சொன்னதாகவும், கதவைத் திறந்தது எனக்குப் பட்டன் தைத்தவரே என்றும் சொன்னார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். கழுத்தில் காயம் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

உங்கள் ஆட்கள் சர்வரை எடுத்துப்போன பிறகு அண்ணன் என் மேஜைக்கு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. அவரை வாட்ச்மேன் என்று கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்.

"நான் எங்கம்மா விட்டேன்? எத்தன தடவ பாத்தாலும் பூட்டினதாத்தான் காட்டுது. நீ சொல்லு, எங்க விட்டேன்?"

"தெரியலண்ணா" என்றேன்.

"என் கைதான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அவரும் அதை நம்புகிறார். சர்வருக்குள் போக எங்கள் எல்லோருக்கும் ஒரே பயனர் கணக்கு. கோப்பைத் திருத்தியது யார் என்று அதில் தெரியாது. கன்டெய்னரைத் தொடங்கியது அவர் என்று மட்டும்தான் தெரியும்.

அந்த வரியில் உள் முகவரியை அழித்தது நான். யார் தேடுகிறார், யாரைத் தேடுகிறார் என்று தெரிந்தும் அவர் தேடியதை உள்ளே கொண்டுபோய் வைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். மற்றபடி எனக்கு யார் மேலும் கோபமோ பகையோ கிடையாது. நான்கு பேர் முன்னால் வாயைத் திறக்க வராது, அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நேற்று அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அந்த வரியை மாற்றியது யார் என்று நீங்கள் கேட்டதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் எழுந்து நின்று, அப்டேட் செய்தபோது அண்ணன் மாற்றியிருப்பார் என்று சொன்னேன். கடைசி வரிசை வரை கேட்டது, என் குரல் நடுங்கவேயில்லை.