மதியம் மலையேறிய புகை

கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே தலைமை தாங்கும் சூளைச் சங்கத் தலைவர் அவர்களே! மண் பிசைந்து மனைகள் எழுப்பிய பெரியோர்களே! செங்கல் சுமந்து செல்வங்களை வளர்த்த தாய்மார்களே! இடம் கிடைக்காமல் வாசலில் நின்று கேட்கும் தோழர்களே! உங்கள் அத்தனை பேரையும் வணங்குகிறேன். பனிமலை நிலையத்தில் பதினோரு ஆண்டுகள் காற்றை அளந்தவள் பேசுகிறேன்.

காற்றை எதால் அளப்பாய், படியாலா, தராசாலா என்கிறீர்களா? தாளால் அளந்தேன் தாயே! வெறும் வெள்ளைத் தாளால்! தாளை ஒரு குழாய் வாயில் பொருத்துவோம். சின்ன மோட்டார் ஒன்று காற்றை அதன் வழியே இழுக்கும். காற்றில் கரி இருந்தால் தாளில் கறை இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தாள். காலைத் தாள் வெள்ளை வெளேரென்று இருக்கும். மாலை மூன்று மணித் தாள் மட்டும் சாம்பல் பூத்திருக்கும்.

ஏன் கறுத்தது? யார் கறுக்கவைத்தார்? எங்கள் சமையல்காரரின் மண்ணெண்ணெய் அடுப்புதான் என்று முடிவு கட்டினோம்! நிலையத்தின் சொந்தப் புகை பட்ட தாளை அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்பது விதி. அவர் மதியம் சமைப்பார், தாள் கறுக்கும், நான் சிவப்பு மையால் 'அடுப்புப் புகை' என்று எழுதி அடித்துவிடுவேன். பதினோரு ஆண்டுகள் அடித்தேன் ஐயா, அலுக்காமல் அடித்தேன்!

அடித்த கையோடு சன்னலுக்கு ஓடுவேன். எதற்கு? என் கணவர் இந்த ஊர்ச் சூளையில் நெருப்புக்காரர். மேல்தளத்தில் நின்று துளை துளையாக நிலக்கரி கொட்டுகிறவர். ஆண்டுக்கு இரண்டு முறைதான் எனக்கு விடுப்பு. பள்ளத்தாக்கில் புகை எழுந்தால், ஆள் நலமாக நிற்கிறார் என்று மனம் ஆறும். புகை இல்லாவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. சிரிக்காதீர்கள் தாய்மார்களே, பிரிந்திருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒருமுறை சமையல்காரர் மகளின் பிரசவத்துக்காகக் கீழே போனார். பத்து நாள் எங்களுக்குக் காய்ந்த ரொட்டியும் மின்கெண்டி வெந்நீரும்தான். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. முதல் நாள் மூன்று மணிக்குத் தாளை எடுத்தேன், கறுப்பு! மறுநாளும் கறுப்பு! பத்தாம் நாளும் கறுப்பு! அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகும். பள்ளத்தாக்குக் காற்று மதியம் மேலே ஏறும். நான் ஏங்கி ஏங்கிப் பார்த்த அதே புகைதான் தினமும் என்னிடம் வந்துகொண்டிருந்தது.

வந்த புகை சும்மா போனதா? பனிமேல் படிந்தது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். கரி படிந்த பனி வெயிலைக் குடிக்கும். குடித்தால் உருகும். அதனால்தான் நம் ஆறு இருபது நாள் முன்னதாகவே பெருக்கெடுத்து ஓடிவிட்டு, பயிர் தவிக்கும் மாதத்தில் மணலைக் காட்டுகிறது.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. என் கணவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"இத்தனை வருஷமா தப்பா அடிச்சிட்டேங்க. அது அடுப்புப் புகை இல்ல, உங்க சூளைப் புகை. எழுதினா சூளைய மூடிருவாங்க."

அந்தப் பக்கம் இருமினார். பிறகு கேட்டார்: "எழுதாம விட்டா பனி நிக்குமா?"

"நிக்காதுங்க."

"அப்புறம் என்கிட்ட என்ன கேள்வி? எழுது. அப்படியே அந்தச் சமையல்காரர்கிட்ட மன்னிப்பும் கேட்டுரு."

எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். நான்கு சூளைகள் மூடப்பட்டன. என்னைத் திட்டினீர்கள். என்ன ஐயா, "இப்பவும் திட்டுறோம்" என்கிறீர்களா? திட்டுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. என் வீட்டு அடுப்பும்தான் அதில் அணைந்தது. அவர் மூன்று நாள் பயணத் தொலைவுக்கு வேலை தேடிப் போனார். பணி முடிந்து நான் இறங்கி வந்தேன். எந்த வீட்டை எண்ணி ஏங்கினேனோ, அந்த வீட்டில் இன்று நான் மட்டும் இருக்கிறேன். சன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. அவர் இருக்கும் திசையில் ஒரு புகைகூடத் தெரிவதில்லை. எனக்குப் பனியும் வேண்டும், அவரும் வேண்டும். இரண்டையும் கேட்பது பேராசையா?

பேராசை இல்லை! தலைவரின் மேசையில் இருக்கும் தீர்மானத்தைப் பாருங்கள். காற்று வளைந்து வளைந்து போகும்படி கல்லை அடுக்கி, கரியைக் கூடை கூடையாகக் கொட்டாமல் கரண்டி கரண்டியாகப் போடும் புதுச் சூளை! புகை வெகுவாகக் குறையும்; வேலை குறையாது. அப்படிப்பட்ட சூளையில்தான் என் கணவர் இரண்டு ஆண்டுகளாகக் கரி போடுகிறார். "நம்ம ஊருல சரின்னு சொன்னா, மறுநாளே கிளம்பி வந்து எல்லாருக்கும் கத்துக்குடுக்கிறேன்" என்கிறார்.

இதோ என் கைபேசி. பேசத் தொடங்கிய நிமிடம் முதல் இணைப்பில் இருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். தலைவர் அவர்களே, சற்றுப் பொறுங்கள், கைகளை உயர்த்தச் சொல்லாதீர்கள். உயர்த்திய கை அவருக்குக் கேட்காது! பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி, என் வணக்கம். பெரியோர்களே, தாய்மார்களே, வாய்திறந்து சொல்லுங்கள்: அவர் வரலாமா?