சீதனமாக எழுதிய மில்

கிளிநொச்சி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் சட்டத்தரணி இருந்தார். கனகராயன்குளத்தில் ஏறிய அரிசி மில்காரர் அவரைக் கண்டதும் பக்கத்தில் போய் இருந்தார்.

“தங்கச்சி, என்னைக் கெதியா வங்குரோத்து, கடன் கட்ட வழியில்லாதவன் எண்டு அறிவிக்கப் பண்ணுங்கோ.”

“ஏன் அண்ணை இந்த அவசரம்?”

“மில்லைப் போன மாசம் மகளுக்குச் சீதனமா எழுதிப்போட்டன். இனிக் கடன்காரர் வந்தா இடுப்பிலை கட்டியிருக்கிற இந்தச் சாரத்தைத்தான் உருவ வேணும்.”

“ஐயோ அண்ணை! சட்டத்தரணியள் எங்களுக்கு வங்குரோத்துச் சட்டத்திலை ரெண்டு நாள் வகுப்பு வைச்சவை. நேற்று முழுக்க இதைத்தான் படிப்பிச்சவை.”

“என்னைப் பற்றியோ?”

“உங்களை மாதிரி ஆக்களைப் பற்றி. கடன் கட்ட ஏலாத நேரத்திலை சொந்தத்துக்கு எழுதினா, நீதிமன்றம் அந்த உறுதிப் பத்திரத்தைச் செல்லாதெண்டு தள்ளலாம்.”

“சீதனம் எங்கட வழக்கமெல்லோ?”

“கடன்காரருக்கு அது சொத்து ஒளிப்பு.”

மில்காரர் எழும்பினார், திரும்ப இருந்தார்.

“வெள்ளிக்கிழமை கலியாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு உறுதியைக் காட்டியாச்சு. அவைக்கு என்னத்தைச் சொல்ல?”

“முதல் மகளுக்குச் சொல்லுங்கோ.”

மில்காரர் கைபேசியை எடுத்து மகளை அழைத்தார். மறுபக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

“அப்பா, கலியாணக் கூறைச் சீலை எடுக்கக் கடையிலை நிக்கிறம்.”

“வடிவானதா எடு பிள்ளை” என்று சொல்லிவிட்டு வைத்தார்.